மெஷினுக்கு முன்னால் ட்யூப்: செல்கள் வெளியிடும் நுண்பைகளை ஆராய ஏன் இத்தனை விதிகள்?

ஒரே ஆளின் ரத்தத்தை மூன்று ஆய்வகங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, ஒரு மில்லிலிட்டரில் எத்தனை நுண்பைகள் இருக்கின்றன என்று கேட்டால் மூன்று விடைகள் வரும். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. ஆனால் ஆரோக்கியமானவர்களின் பிளாஸ்மாவுக்கு (ரத்தத்தில் அணுக்களை நீக்கியபின் மிஞ்சும் திரவம்) இதுவரை அச்சில் வந்திருக்கும் எண்ணிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஆயிரம் மடங்கு, சில சமயம் அதற்கும் மேல் வித்தியாசம் இருக்கிறது. ரத்தச் சர்க்கரைக்கு இப்படி ஒரு வித்தியாசம் வந்தால் அந்த லேப் பக்கம் யாரும் போகமாட்டார்கள். நுண்பை ஆராய்ச்சியில் மட்டும் இது வெகுநாள் கண்டுகொள்ளப்படாமலே இருந்தது. அதைக் கண்டுகொண்டதன் விளைவுதான் இன்று இந்தத் துறையில் இருக்கும் தர விதிகள்.

நம் திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரிகளிலும் இப்போது எக்ஸோசோம் என்ற நுண்பை வகை பற்றிய பேச்சு அடிபடுகிறது. எம்.எஸ்சி. புராஜெக்ட், பிஎச்.டி. தலைப்பு, மருத்துவ மாணவர்களின் ஆய்வு என்று பல இடங்களில் எட்டிப் பார்க்கிறது. எட்டிப் பார்க்கும் எல்லாரும் முதலில் கேட்பது, “அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் எங்கே இருக்கு?” என்றுதான். நுண்பையைப் பிரித்தெடுக்கும் அதிவேகச் சுழலி அது. என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, ரத்தம் எடுத்த ட்யூப் எங்கே, எத்தனை மணி நேரம், எந்தச் சூட்டில் இருந்தது என்பது.

அதற்குப் போகுமுன் நுண்பை என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். நம் உடம்பில் அநேகமாக எல்லாச் செல்களும் தம் சவ்வாலேயே சுற்றிய சிறு பைகளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன. உள்ளே புரதம், கொழுப்பு, ஆர்.என்.ஏ. எல்லாம் இருக்கும். செல்லுக்குள்ளேயே ஒரு பெரிய பைக்குள் உருவாகி, அந்தப் பெரிய பை செல்லின் வெளிச்சவ்வோடு ஒட்டித் திறக்கும்போது வெளியேறுபவை எக்ஸோசோம்கள். பொதுவாக 30 முதல் 150 நானோமீட்டர் வரை இருக்கும். செல்லின் மேல்சவ்வே மொட்டுவிட்டுக் கழன்று வந்தால் அது எக்டோசோம். இது 100 முதல் 1,000 நானோமீட்டர் வரை போகும். சாகும் செல் உடைந்து உதிர்ப்பவை இன்னும் பெரியவை. சாதாரண ஒளி நுண்ணோக்கியில் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே எதுவும் தெளிவாகத் தெரியாது. அதாவது நாம் தேடும் சரக்கில் பெரும்பகுதி கண்ணுக்குச் சிக்காதது.

1967-இல் பீட்டர் வுல்ஃப் ரத்தத் தட்டணுக்களிலிருந்து உதிரும் நுண்பொருளைப் பார்த்து ‘பிளேட்லெட் தூசி’ என்று எழுதினார். 1983-இல் மான்ட்ரியாலில் ரோஸ் ஜான்ஸ்டோன் குழுவும் செயின்ட் லூயிஸில் ஃபிலிப் ஸ்டால் குழுவும் தனித்தனியாக ஒரே விஷயத்தைக் கண்டன: முதிர்ந்துவரும் சிவப்பணு, இனித் தேவைப்படாத ஒரு புரதத்தைச் சிறு பைகளில் கட்டி வெளியே தள்ளுகிறது. செல்லின் குப்பைத்தொட்டி என்றுதான் அப்போது நினைத்தார்கள். 1996-இல் கிராசா ராபோசோ குழு, நோயெதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையான பி செல்கள் விடும் நுண்பைகள் இன்னொரு வகையான டி செல்களைத் தூண்டுகின்றன என்று காட்டியது. 2007-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கிலிருந்து வலாடி, லோட்வால் குழுவினர், ஒரு செல் விட்ட நுண்பை வழியாக ஆர்.என்.ஏ. இன்னொரு செல்லுக்குள் போய் வேலையும் செய்கிறது என்று எழுதினார்கள். அதற்கப்புறம் வெள்ளம்தான். புற்றுநோயை முன்கூட்டியே காட்டும், மருந்தைச் சுமந்து போகும், மூட்டைச் சரிசெய்யும், முடியை வளர்க்கும் என்று எதற்கெடுத்தாலும் எக்ஸோசோம்.

வெள்ளத்தில் கலங்கல் அதிகம். முதல் சிக்கல் ரத்தத்திலேயே இருக்கிறது. பிளாஸ்மாவில் நுண்பைகள் மட்டும் மிதப்பதில்லை. கொழுப்பைச் சுமக்கும் லைப்போபுரதத் துகள்கள் நுண்பைகளைவிடப் பல்லாயிரம் மடங்கு அதிகமாக இருக்கின்றன. அளவும் ஏறக்குறைய அதே அளவு. நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். சாயங்காலம் டவுனில் நெய் சொட்டச் சொட்ட அல்வா, ராத்திரி பத்தரைக்குப் பரோட்டாவும் சால்னாவும். கொழுப்பு குடலிலிருந்து கைலோமைக்ரான் என்ற துகளாக ரத்தத்துக்குள் ஏறுகிறது. இந்தத் துகள் நுண்பையின் அளவில் தொடங்கி ஒரு மைக்ரோமீட்டர் வரை பல அளவுகளில் இருக்கும். சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். அந்த நேரத்தில் ரத்தம் எடுத்து அணுக்களைப் பிரித்தால் பிளாஸ்மா மஞ்சளாக இருக்காது, பால்போலக் கலங்கியிருக்கும். அந்தப் பிளாஸ்மாவைத் துகள் எண்ணும் கருவியில் வைத்தால் அது கைலோமைக்ரானையும் எண்ணும், நுண்பையையும் எண்ணும். எது எது என்று சொல்லத் தெரியாது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதியில் ஒரு மாடியில் நின்று தலைகளை எண்ணினால் கூட்டம் எவ்வளவு என்று சொல்லலாம். அதில் டவுன்காரர் எத்தனை, வெளியூர்க்காரர் எத்தனை என்று சொல்ல முடியுமா?

இரண்டாவது சிக்கல், நுண்பைக்குள் இருக்கிறது என்று சொல்லப்பட்ட சரக்கு நிஜமாகவே உள்ளேதான் இருந்ததா என்பது. ரத்தத்தில் சுற்றும் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற மிகச் சிறிய ஆர்.என்.ஏ. துண்டுகள் எல்லாம் எக்ஸோசோமுக்குள்தான் பத்திரமாக இருக்கிறது என்று பலர் நம்பிக்கொண்டிருந்தபோது, அதில் பெரும்பகுதி நுண்பைக்கு வெளியே, ஆர்கோநாட்-2 என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சுற்றுகிறது என்று 2011-இல் தெரியவந்தது. 2014-இல் இன்னொரு குழு கணக்குப் போட்டுப் பார்த்தது: மிகுதியாக இருக்கும் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.யின் ஒரே ஒரு பிரதியைப் பார்க்கவே சராசரியாக நூறு எக்ஸோசோம்களுக்கு மேல் தேட வேண்டியிருக்கிறது. 2019-இல் ‘செல்’ இதழில் வந்த மறுபரிசீலனை, சுத்தமாகப் பிரித்தெடுத்த எக்ஸோசோம்களில் ஆர்கோநாட் புரதங்களும் இரட்டையிழை டி.என்.ஏ.வும் இல்லை என்றது. அதற்கு முன்னால் ‘எக்ஸோசோம் டி.என்.ஏ.’ என்று தலைப்பிட்டு வந்த கட்டுரைகளுக்கு என்ன பதில்? கூடவே இறங்கிவந்த வேறு சரக்கை அளந்திருக்கிறார்கள் என்பதுதான் அநேகமாகப் பதில்.

2015-இல் கணைய புற்றுநோய்க்கு ஒரு கட்டுரை ‘நேச்சர்’ இதழில் வந்தது. எக்ஸோசோம்மேல் இருக்கும் கிளைப்பிக்கான்-1 என்ற புரதத்தை வைத்து நோயாளியையும் நோயில்லாதவரையும் ஒருவர் விடாமல் பிரித்துவிட்டோம் என்றது. உலகமே திரும்பிப் பார்த்தது. அதே அடையாளத்தை வைத்துப் பிறகு செய்த குழுக்களுக்கு அந்த அளவு தெளிவான விடை கிடைக்கவில்லை. ஒருவருக்குக் கொஞ்சம், இன்னொருவருக்கு ஒன்றுமில்லை என்று சிதறியது. முதல் குழு பொய் சொன்னது என்று நான் சொல்லவரவில்லை. பிரிக்கும் முறை, புரதத்தை அடையாளம் காணும் ஆன்ட்டிபாடி, நுண்பைகளை ஒட்டவைக்கும் மணி உருண்டைகள், அளவெல்லை எல்லாம் மாறும்போது விடையும் மாறினால், எது மாறியதால் மாறியது என்று கண்டுபிடிக்க முழு விவரம் வேண்டும். அந்த விவரம் கட்டுரைகளில் இல்லை என்பதே இந்தத் துறையின் அடிப்படை வியாதி.

வியாதிக்கு மருந்தெழுத வந்ததுதான் மைசெவ். செல்வெளி நுண்பைகளுக்கான பன்னாட்டுச் சங்கம், ஐசெவ், 2011-இல் தொடங்கியது. நுண்பை ஆய்வொன்றை வெளியிடும்போது குறைந்தபட்சம் எந்தெந்த விவரம் தரவேண்டும் என்று 2014-இல் ஒரு சின்ன அறிக்கையை அது வெளியிட்டது. அதன் தலைப்பின் முதலெழுத்துகளைச் சேர்த்த பெயர்தான் மைசெவ். 2018 பதிப்பில் 380 பேருக்கு மேல் ஆசிரியர்கள். 2024 தொடக்கத்தில் அச்சான 2023 பதிப்புக்கு ஆயிரம் ஆராய்ச்சியாளர்களுக்கு மேல் கருத்துச் சொல்லியிருக்கிறார்கள். நடுவில் 2017-இல், பெல்ஜியத்தின் கென்ட் நகரத்தை மையமாகக் கொண்ட ஒரு குழு, ஈவி-ட்ராக் என்ற பொதுப் பதிவேட்டைத் தொடங்கியது. 2010 முதல் 2015 வரை வெளியான 1,226 கட்டுரைகளிலிருந்து 1,742 சோதனைகளை எடுத்து, மறுபடி செய்து பார்க்கத் தேவையான விவரம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் இல்லை. சுழலியில் ட்யூப்களைத் தாங்கிச் சுழலும் ரோட்டார் எந்த வகை என்றுகூடப் பலர் எழுதவில்லை. ஆளுக்கொரு பிரிப்புமுறை வேறு.

மைசெவ் என்ன சொல்கிறது என்பதில் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. இந்த மெஷினை வாங்கு, இந்த முறையில்தான் செய் என்று அது கட்டளை போடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எந்த முறையில் வேண்டுமானாலும் பிரித்துக்கொள்; என்ன செய்தாய் என்று முழுசாக எழுது; பிரித்தெடுத்தது நுண்பைதான் என்று காட்டு; நுண்பை அல்லாதது எவ்வளவு கலந்திருக்கிறது என்றும் காட்டு. இவ்வளவுதான். கடைசியாகச் சொன்னதுதான் பலருக்குக் கசக்கிறது. சிடி9, சிடி63, சிடி81 போன்ற சவ்வுப் புரதங்களில் ஒன்று, டிஎஸ்ஜி101, அலிக்ஸ், சின்டெனின் போன்ற உள்ளே இருக்க வேண்டிய புரதங்களில் ஒன்று என்று ஒவ்வொரு புரதத்தையும் ஒரு பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் படம் போடுவார்கள். அதே படத்தில் ரத்தத்தில் மிகுதியாக இருக்கும் ஆல்புமின் புரதமும், ஏப்போ-பி என்ற லைப்போபுரத அடையாளமும் எவ்வளவு வந்திருக்கின்றன என்று போடச் சொன்னால் அந்தப் பட்டை மட்டும் இருக்காது. இருக்கவேண்டியது இருக்கிறது என்று காட்டுவது பாதி வேலைதான்.

இனி ட்யூப். விதிகளின் இந்தப் பகுதிதான் நம் ஊருக்கு மிகவும் பொருந்துவது. மிகவும் அலட்சியமாகத் தாண்டப்படுவதும் இதுவே.

காலை ஏழு மணி, ரத்தம் எடுக்கும் இடம். லேப் பெண் கேட்கிறாள்: “பெரியப்பா, வெறும் வயித்தோடதான வந்திருக்கீய?”

“ஆமா தாயி, ஒண்ணும் சாப்பிடல. ஒரே ஒரு காப்பி மட்டும் குடிச்சேன்.”

படிவத்தில் ‘வெறும் வயிறு’ என்று டிக் விழுகிறது. கெட்டிப் பாலில் போட்ட காப்பி எங்கள் பக்கத்தில் சாப்பாட்டுக் கணக்கில் வராது. சர்க்கரை டெஸ்டுக்கே இது தகராறு. நுண்பைக்கு இன்னும் தகராறு. கடைசியாக என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுத ஒரு வரி போதும். அந்த வரி இருக்கும் படிவம் மிக அரிது.

அடுத்தது ஊசி. மெல்லிய ஊசியில் இழுத்து இழுத்து எடுத்தால் சிவப்பணு உடையும். ஊசி நுழையும்போது நாளச் சுவர் காயப்படுவதால் முதல் சில மில்லிலிட்டரில் தட்டணுக்கள் தூண்டப்பட்டிருக்கும். அதை வேறு டெஸ்டுக்குக் கொடுத்துவிட்டு அடுத்த ட்யூபிலிருந்து ஆய்வுக்கு எடுப்பது வழக்கம். எந்த ட்யூப் என்பதும் முக்கியம். ரத்தம் உறையாமல் தடுக்க ஊதா மூடி ட்யூபில் ஈடிடிஏ இருக்கும், இளநீல மூடியில் சிட்ரேட். ஹெப்பாரின் ட்யூபில் எடுத்தால் பின்னால் மரபுப்பொருளைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் செய்யும்போது கையைக் கடிக்கும். உறையவிட்டு சீரம் எடுத்தால் உறையும்போதே தட்டணுக்கள் ஏராளமான நுண்பைகளைக் கக்கிவிடும். அப்புறம் அளப்பது அந்த ஆளின் உடம்பில் ஓடிய நுண்பையை அல்ல, ட்யூபுக்குள் பிறந்த நுண்பையை.

சரி, ரத்தம் எடுத்தாயிற்று. எடுத்த இடம் அம்பாசமுத்திரம், பிரிக்கும் இடம் பாளையங்கோட்டை என்று வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட 35 கிலோமீட்டர். வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று ஒவ்வொரு ஊருக்குள்ளும் வேகத்தடை. பைக்கின் பெட்டிக்குள் ட்யூப் குலுங்கிக்கொண்டே வரும். குலுக்கலே தட்டணுக்களைத் தூண்டும், சிவப்பணுவையும் உடைக்கும். ட்யூபை நிமிர்த்தி வைத்துக் குலுங்காமல் கொண்டுவாருங்கள் என்று விதிகள் சொல்வது இதனால்தான்.

இதைவிடப் பெரிய விஷயம் சூடு. அறை வெப்பநிலையில் வைத்து, ஓரிரு மணி நேரத்துக்குள் சுழலியில் போடவேண்டும் என்பது பொதுவான வழிமுறை. யாருடைய அறை? எழுதியவர்களின் ஆய்வகத்தில் அது 20 முதல் 25 டிகிரி. மே மாதம் பாளையங்கோட்டையில் ஏசி இல்லாத அறை 35-ஐத் தாண்டி நிற்கும். வெயிலில் நிற்கும் பைக்கின் பெட்டிக்குள் எவ்வளவு என்று கேட்கவே வேண்டாம். அப்படியானால் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாமே என்று தோன்றும். நல்லெண்ணம்தான், ஆனால் ரத்தத்தைக் குளிர வைத்தாலும் தட்டணுக்கள் தூண்டப்பட்டு நுண்பை விடும். சூடும் ஆகாது, ஐஸும் ஆகாது. 22 டிகிரி அளவில் நிற்கும் ஜெல் பொதிகளை வைத்த பெட்டி வேண்டும், உள்ளே ஒரு சின்ன வெப்பமானியும் வேண்டும். இதற்கு ஆகும் செலவு நுண்பை பிரிக்கும் ஒரு கிட்டின் விலையில் மிகச் சிறு பங்கு. கட்டுரையில் ‘அறை வெப்பநிலை’ என்று எழுதுவதற்குப் பதில் ‘24 முதல் 27 டிகிரி, 80 நிமிடம்’ என்று எழுத முடிந்தால், குளிர்நாட்டு ஆய்வகங்கள் பலவற்றைவிட அந்த நெல்லை ஆய்வகத்தின் பதிவு உசத்தி. இது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. சூட்டால் நுண்பை எண்ணிக்கை எவ்வளவு மாறுகிறது என்று பார்க்க நம்மைவிட நல்ல இடம் எது? அதையே ஒரு ஆய்வுத் தலைப்பாக வைக்கலாம்.

சுழலியில் 2,500 ஜி (புவியீர்ப்பைப்போல் 2,500 மடங்கு விசை), 15 நிமிடம், அப்புறம் மேலே இருக்கும் பிளாஸ்மாவை மட்டும் எடுத்து மறுபடி ஒரு முறை. பரவலாகப் பயன்படும் முறை இது. அடியில் இருக்கும் வெள்ளைப் படலத்துக்குக் கொஞ்சம் மேலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆசைப்பட்டுக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சக் கூடாது. தட்டணுக்கள் கொஞ்சம் தங்கிவிட்டால், மைனஸ் 80 டிகிரியில் உறைய வைக்கும்போது அவை உடைந்து, துண்டுகள் எல்லாம் பின்னால் நுண்பைக் கணக்கில் சேரும். உறைந்ததை இளக்கி, மீதியை மறுபடி உறைய வைப்பதும் அதே வம்புதான். ஆரம்பத்திலேயே சிறு சிறு குழாய்களில் பிரித்து வைப்பது நல்லது.

ரத்தத்துக்கென்றே 2023-இல் மை-பிளட்-ஈவி என்று ஒரு தனிப் படிவம் வந்திருக்கிறது. அது முக்கியமாகக் கேட்பது மூன்று: பிளாஸ்மாவில் தட்டணு எவ்வளவு மிச்சம், சிவப்பணு எவ்வளவு உடைந்தது, லைப்போபுரதம் எவ்வளவு. தட்டணுவை எண்ண எந்த மருத்துவமனையிலும் இருக்கும் ரத்த அணு எண்ணும் கருவி போதும். சிவப்பணு உடைந்ததைப் பார்க்க 414 நானோமீட்டரில் ஒளி உட்கவர்வைப் பார்த்தால் போதும். அதற்கான ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் பாளையங்கோட்டைக் கல்லூரிகளின் வேதியியல் துறையில் சாதாரணமாக இருக்கும். ஏப்போ-பிக்கு அதன் அளவைக் காட்டும் எலைசா கிட் வாங்க வேண்டும், அவ்வளவுதான். கோடிக்கணக்கில் செலவு வைக்கும் ஒரு கேள்விகூட இந்தப் படிவத்தில் இல்லை.

பிரிக்கும் மெஷின்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜில் 300, 2,000, 10,000, 1,00,000 ஜி என்று படிப்படியாக ஏற்றிக் கடைசியில் அடியில் தங்குவதை எடுப்பது பழைய வழி. தங்குவதில் நுண்பையும் உண்டு, புரதக் கட்டிகளும் உண்டு. அளவுவாரியாகப் பிரிக்கும் குரோமட்டோகிராஃபி குழாயில் விட்டால் ஆல்புமினும் சின்ன லைப்போபுரதங்களும் பின்தங்கும், ஆனால் நுண்பை அளவே இருக்கும் கைலோமைக்ரான் கூடவே வரும். அடர்த்திவாரியாகப் பிரித்தால் கைலோமைக்ரான் ஒதுங்கும், எச்டிஎல் என்ற அடர்த்தியான லைப்போபுரதம் கூட வரும். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டையும் செய்தால் சுத்தம் கூடும், கிடைக்கும் அளவு குறையும். பாலிமர் ஊற்றி வீழ்படிவாக்கும் கிட் விலையும் நேரமும் குறைவு; கண்டதையும் சேர்த்து இறக்கும். சில வேலைக்கு அதுவும் போதும். கிட் அட்டையில் ‘தூய எக்ஸோசோம்’ என்று அச்சிட்டிருப்பதைக் கட்டுரையில் அப்படியே எழுதக் கூடாது, அவ்வளவுதான்.

பெயர் விஷயத்திலும் மைசெவ் கறாராக இருப்பது இதனால்தான். எக்ஸோசோம் என்று சொன்னால் அது செல்லுக்குள் எங்கே உருவானது என்று நிரூபித்திருக்க வேண்டும். ரத்தத்திலிருந்து பிரித்தபிறகு அதை நிரூபிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். ஆகவே பொதுவாகச் செல்வெளி நுண்பை என்று சொல்லுங்கள், கூடவே அளவையோ அடர்த்தியையோ சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறது.

செல்களை வளர்த்து நுண்பை எடுப்பவர்களுக்கு வேறொரு பொறி இருக்கிறது. வளர்ப்பு ஊடகத்தில் ஊற்றும் கன்றுக்குட்டிச் சீரத்திலேயே மாட்டின் நுண்பைகள் ஏராளம். அதை 1,00,000 ஜியில் இரவு முழுக்கச் சுழற்றி எடுத்த பிறகுதான் பயன்படுத்துவார்கள். அப்போதும் முழுக்கப் போகாது. எனவே செல்லே போடாத வெறும் ஊடகத்தையும் அதே வழியில் முழுவதும் கொண்டுபோய், அதில் என்ன கிடைக்கிறது என்று காட்ட வேண்டும். ‘எங்கள் நுண்பை காயத்தை ஆற்றியது’ என்பவர்களும் இதே மாதிரி பதில் சொல்ல வேண்டும்: நுண்பையை நீக்கிய மிச்சத் திரவம் ஆற்றவில்லையா? அளவைக் கூட்டினால் பலன் கூடுகிறதா?

நம் கல்லூரிகளில் இப்போது கிராக்கி செடி நுண்பைகளுக்குத்தான். காரணம் புரிகிறது. நோயாளியிடம் ஒப்புதல் வாங்க வேண்டாம், நெறிமுறைக் குழு வேண்டாம், முருங்கையும் இஞ்சியும் கொல்லையிலேயே கிடைக்கும். ஆனால் செய்வது என்ன? இலையை மிக்சியில் போட்டு அரைத்து, வடிகட்டி, சுழற்றி, கிடைத்ததை ‘முருங்கை எக்ஸோசோம்’ என்கிறார்கள். மிக்சி பிளேடு ஓடியபோது செல்கள் கிழிந்து, உள்ளே இருந்த சவ்வுகள் எல்லாம் தாமாகவே சுருண்டு உருண்டைகளாகிவிடும். அவை செல் வெளியிட்டவை அல்ல, நாம் உடைத்து எடுத்தவை. செடி தானாக வெளியிடும் நுண்பை வேண்டுமென்றால் இலையை முழுதாக வைத்தே, செல்களுக்கு இடையே இருக்கும் திரவத்தைக் கழுவி எடுக்க வேண்டும். ஆய்வகங்களில் வளர்க்கும் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் 2017-இல் அப்படித்தான் செய்து, பென்1 என்ற புரதம் அந்த நுண்பைகளில் இருப்பதைக் காட்டினார்கள். மறு ஆண்டில் டெட்8 என்ற இன்னொரு அடையாளமும் வந்தது. மனித சிடி63-க்கான ஆன்ட்டிபாடியை முருங்கையில் ஓட்டிப் பட்டை வந்தது என்று எழுதினால், மதிப்பாய்வாளர் சிரித்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். அரைத்து எடுத்த உருண்டைகளுக்கும் பயன் இருக்கலாம், மருந்தைச் சுமக்க உதவலாம். அதை அப்படியே சொல்லிவிட்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

ஆய்வகத்துக்குள் இவ்வளவு சண்டை நடக்கும்போது, வெளியே அழகு நிலையங்கள் எக்ஸோசோம் ஃபேஷியல், முடிக்கு எக்ஸோசோம் என்று விளம்பரம் செய்கின்றன. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் எக்ஸோசோம் என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட பொருள்களால் நோயாளிகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். 2019 டிசம்பரில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பொது எச்சரிக்கை விட்டு, தான் அனுமதித்த எக்ஸோசோம் பொருள் ஒன்றுகூட இல்லை என்று அறிவித்தது. குப்பியில் எந்தச் செல்லின் நுண்பை, ஒரு மில்லிலிட்டரில் எத்தனை, வேறென்ன கலந்திருக்கிறது, கிருமி இல்லை என்று யார் சோதித்தார் என்று கேட்டுப் பாருங்கள். ஆராய்ச்சிக்கட்டுரையில் கேட்கும் அதே கேள்விகள்தான்.

மைசெவ் மேல் எனக்கும் சில வருத்தங்கள் உண்டு. ஒவ்வொரு பதிப்பும் முந்தையதைவிடக் கனமாகிக்கொண்டே போகிறது. 2023 பதிப்பை ஒரு முதலாண்டு ஆய்வு மாணவர் உட்கார்ந்து படித்து முடிப்பதற்குள் உதவித்தொகைக் காலமே பாதி ஓடிவிடும் போலிருக்கிறது. பட்டியலில் எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிட்டு, உள்ளே விஷயமில்லாத கட்டுரையும் எழுதலாம். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் ஒன்று வேண்டும் என்றால் வெளியூருக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டிய ஆய்வகமும், பக்கத்து அறையில் அது இருக்கும் ஆய்வகமும் ஒரே படிவத்தைத்தான் நிரப்புகின்றன. ‘இது எங்களால் முடியவில்லை, காரணம் இது’ என்று எழுத விதிகளில் இடம் இருக்கத்தான் செய்கிறது. அந்த இடத்தைப் பயன்படுத்தத்தான் நம்மவர்கள் பயப்படுகிறார்கள். இல்லாத வசதியை இருப்பதுபோல் மழுப்பி எழுதுவதைவிட, துகள் எண்ணிக்கை மட்டும் செய்தோம், அதனால் நுண்பை என்று உறுதியாகச் சொல்லவில்லை என்று எழுதுவது மைசெவ் கண்ணோட்டத்தில் முழுக்கச் சரி.

ஹைகிரவுண்டில் மருத்துவக் கல்லூரி, பேட்டையைத் தாண்டி அபிஷேகப்பட்டியில் பல்கலைக்கழகம். நோயாளியும் மாதிரியும் ஒரு பக்கம், ஆய்வு மாணவர்கள் மறுபக்கம். இரண்டும் சேர்ந்து செய்தால் முதலில் செலவழிக்க வேண்டியது ட்யூப் பெட்டிக்கும், லேப் ஆட்களுக்குக் கொடுக்கும் பயிற்சிக்கும், மைனஸ் 80 உறைபெட்டிக்கான மின்கலத்துக்கும்தான். கரண்ட் போன நேரங்களில் உறைபெட்டிக்குள் வெப்பம் எவ்வளவு ஏறியது என்ற பதிவும் மாதிரியின் வரலாற்றில் சேரும். ஈவி-ட்ராக் கேட்கும் ஒன்பது அம்சங்களைக் கிட்டுக்கு ஆர்டர் போடும் முன்னாலேயே தாளில் எடுத்து எழுதி, எதற்கு விடை இருக்கிறது, எதற்கு இல்லை என்று பார்க்கலாம். கட்டுரை அச்சேறும் முன்னாலேயே சோதனையை அங்கே பதிந்து ஒரு எண் வாங்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது. அந்த எண்ணைக் கொடுத்தால் மதிப்பாய்வாளர் ரோட்டாரின் வகையிலிருந்து எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வார்.